திருப்பிச் சொன்னால்தான் கை நகரும்

கீழ் வீட்டு லிப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிற வேலை வரப்போகிறது என்றதும் அவரைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு, மறைப்பானேன். நான் ஒண்டிக்கட்டை. பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்கள் செய்கிற தப்புக்கு பிரேக் மிதிப்பது என் பிழைப்பு. சாயங்காலம் மாடிக்கு வந்து காலை நீட்டினால் எனக்கு ஒரு மேட்ச் பார்த்தாக வேண்டும். அந்த மேட்ச் கீழ் வீட்டு வைஃபையில்தான் ஓடுகிறது. நான் கேட்கவில்லை, அவர்களே கூப்பிட்டுப் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் மனைவிக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்.

அந்தம்மா ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, கம்ப்யூட்டரில் வருகிற அளவுக்கோட்டை வெட்டும் மெஷினுக்குள் ஏற்றி, அத்தனை அடுக்கையும் ஒரே வெட்டில் வெட்டுவது அவர் வேலை. ஆரம்பிக்கும் முன் ஆயிரம் தடவை சரிபார்க்கலாம். ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மொத்த அடுக்கும் பாழ். கார் ஓட்டும்போதும் அதே குணம்தான். திருப்பத்துக்கு முன் கண்ணாடியை நாலைந்து தரம் பார்ப்பார். திருப்ப ஆரம்பித்துவிட்டால் எதிரே லாரியே வந்தாலும் முடிக்காமல் விடமாட்டார். என் வலது கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் அதற்கு நேர் எதிர். லிப்ட் வேலையில் முதல் பாடமே மெயின் சுவிட்ச். எந்தப் பெட்டியில் எந்த விளக்கு தாறுமாறாகத் துடித்தாலும் முதலில் கரண்டை நிறுத்த வேண்டும், யோசனையெல்லாம் பிறகு. வீட்டிலும் இதே சட்டம் போட்டிருந்தார். மிக்ஸி லேசாக முனகினால் போதும், ஓடிவந்து அணைப்பார். ஒருநாள் வாஷிங் மெஷின் புதுவிதமாக ஆடுகிறது என்று பிளக்கையே பிடுங்கிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். உள்ளே சோப்புத் தண்ணீரோடு துணியெல்லாம் ஊறிக் கிடந்தது. அந்தம்மா சாயங்காலம் என்னிடம் வந்து, "இவரை எந்தச் சுவிட்சில அண்ணா நிறுத்தறது?" என்று கேட்டார்.

இன்னொரு சட்டமும் அவர்களுக்கு உண்டு. லிப்டில் ஒருவர் மேலே மெஷின் அறையிலும் ஒருவர் கீழே குழியிலும் நின்று வேலை பார்ப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் "மெயின் ஆஃப்" என்றால் கீழே இருந்து "மெயின் ஆஃப்" என்று சத்தம் திரும்பி வரவேண்டும். வராமல் யாரும் விரலைக்கூட அசைக்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் தன்னோடு வேலை பார்த்த ஒருத்தருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை என்பதில் அவருக்கு அடக்க முடியாத பெருமை. முழங்கால் போனது அவருக்கு மட்டும்தான். அதுவும் ஈரமான ஏணி வழுக்கியதால்.

முழங்கால் போனபின் ஏணி ஏற முடியாது. கம்பெனியில் கைவிட்டுவிடவில்லை. சைட்டில் இருக்கிற ஜூனியர் மெக்கானிக் தலைக்கவசத்தில் போனைக் கட்டிக்கொண்டு மெஷின் அறைக்குப் போவார். இவர் வீட்டில் இருந்து வீடியோவில் பார்த்து, இதைத் தொடு, அதைத் திருகு என்று வழி சொல்ல வேண்டும். ஏற்பாடு சரியாக வருகிறதா என்று வெள்ளிக்கிழமை ஒரு சோதனை வைத்தார்கள். அந்தம்மா அதற்காக முன்னறையில் தையல் மெஷினை ஓரமாக நகர்த்தி, தன் கம்ப்யூட்டரை வைத்து, பின்னால் தெரிகிற துணிக்கொடியைக்கூட அவிழ்த்துவிட்டார். மெக்கானிக் இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே கைலி. நான் டீ குடிக்கிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிரேக்கின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிற வேலை. அளவுக்கு மேல் தளர்ந்தால் பக்கத்தில் இருக்கிற பெரிய சக்கரம் தானாகச் சுழல ஆரம்பித்துவிடும், அப்போது அங்கே இருக்கிற விரலுக்கு உத்தரவாதம் கிடையாது. மெக்கானிக் சொல்லச் சொல்ல ஜூனியர் திருப்பிச் சொன்னார், ஸ்பேனர் நகர்ந்தது. திடீரென்று படம் நின்றது. சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஜூனியரின் கை அப்படியே நின்றது.

"கையை எடு" என்றார் மெக்கானிக்.

சத்தம் திரும்பி வரவில்லை.

"கையை எடுப்பா. கையை எடு. கேக்குதா? கையை எடு."

படத்தில் கை அங்கேயே இருந்தது. நிஜத்தில் அது எங்கே இருக்கிறதென்று எங்கள் யாருக்கும் தெரியாது. நான் மற்றவர் தப்புக்கு பிரேக் மிதிக்கிறவன், என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. இந்த மனுஷனுக்குக் குரல் மட்டும்தான், அதுவும் போய்ச் சேரவில்லை. என் கால் தன்னால் தரையை அழுத்தியது.

படம் மறுபடி வந்தபோது ஜூனியர் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "லைன் போச்சு சார், அதான் கையை எடுத்துட்டு உக்காந்துட்டேன்" என்றார் சாதாரணமாக. கம்பெனி சூப்பர்வைசரின் குரல் நடுவில் வந்தது. "திங்கட்கிழமை காலையில இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படின்னா வேற ஏற்பாடுதான் பண்ணணும், தப்பா நினைக்காதீங்க."

மெக்கானிக் ஸ்பீக்கரை அணைத்தார். "இது வேணாம்" என்றார்.

"எது வேணாம்?" என்றார் மனைவி.

"இந்த வேலை. ஒருத்தன் கை எங்க இருக்குன்னு தெரியாம நான் வேலை சொல்ல மாட்டேன்."

"லைன்ல கோளாறுன்னா லைனைச் சரி பண்ணணும். வேலையை எதுக்கு வேணாம்னு சொல்றீங்க?"

"லைனை நீ சரி பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"துணி வெட்டற மாதிரியா?"

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தம்மா டீ கிளாசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கப்புறம் இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அண்ணா, அவருக்கு மாத்திரை மேஜை மேல இருக்குன்னு சொல்லுங்க." "அண்ணே, போட்டாச்சுன்னு சொல்லிடுங்க." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

கோளாறு எங்கே என்று அந்தம்மா சனிக்கிழமையே கண்டுபிடித்துவிட்டார். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் கேட்டாராம். லைன் சரியாகத்தான் இருக்கிறது. வாசலை ஒட்டிய நடைச் சந்தில், செருப்பு அலமாரிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிற ரவுட்டர்தான் பிரச்சினை. வீட்டில் யாராவது பெரிதாக எதையாவது இறக்கினாலோ ஏற்றினாலோ அது மொத்த வழியையும் அதற்கே கொடுத்துவிடுகிறது. வீடியோவில் பேசுகிறவர் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை அந்தம்மாவின் போன் தன்பாட்டுக்குப் பழைய போட்டோக்களை எங்கேயோ ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதோடு மேல் வீட்டில் டிவி ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டிவி விஷயத்தை அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே தங்கச்சி" என்றேன் நான்.

"கடையில போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன் அண்ணா. எல்லாம் இதே சரக்குதான், மேல்சட்டைதான் வேற. பெட்டில ஒரு குறையும் இல்லை. உள்ள இருக்கிற மென்பொருள்தான் பழசு. செஞ்சவங்களே அதைக் கைகழுவி நாளாச்சு. அதை எடுத்துட்டு வேற போடப்போறேன்."

வேற என்றால், யாரோ ஒரு கம்பெனிக்காரன் பூட்டிவைத்து விற்பதல்ல. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருக்கிற மென்பொருளாம். அதில் யாருக்கு முதலில் வழி விட வேண்டும் என்று நாமே சொல்லலாம். ஓடுகிற வண்டி அதேதான், டிரைவரை மட்டும் இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். டிரைவரை மாற்றுவது என்றதும் எனக்கு அந்த விஷயத்தில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தம்மா வேலையை ஆரம்பித்தார். ரவுட்டரை ஆணியில் இருந்து கழற்றி முதுகைத் திருப்பி, ஒட்டியிருந்த சின்னத் தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மாடல் எண்ணுக்கு அடுத்து இன்னொரு குட்டி எண் இருந்தது. ஒரே பெயர், ஒரே உருவம், ஆனால் அந்தக் குட்டி எண் மாறினால் உள்ளே இருக்கிற சமாசாரம் வேறாம்.

"ஒரே சட்டைதான், காலர் அளவு மட்டும் வேற. அந்த அளவுக்கோட்டை இதுல ஏத்தினா என்ன ஆகும்?" என்று அவராகவே கேட்டு, "துணி போச்சு" என்று அவராகவே பதிலும் சொன்னார். எடுத்துவைத்திருந்த கோப்பு பழுதில்லாமல் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று சரிபார்த்தார். ஒருவேளை கெட்டுப்போனால் காப்பாற்றுவதற்கு என்று இன்னொரு கோப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரவுட்டரை மறுபடி ஆணியில் மாட்டினார். பிளக் பாயின்ட் சந்தில்தான் இருக்கிறது, அதுவும் தரையை ஒட்டி. கம்ப்யூட்டர் முன்னறையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். கதவிடுக்கு வழியாக நீளமான மஞ்சள் கேபிளை இழுத்து ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைத்தார்.

எல்லாவற்றையும் சரிபார்த்தவர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. இன்றைக்கு இப்போது இதைச் செய்யப்போகிறேன் என்று புருஷனிடம் சொல்லவில்லை. அவர் பின்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்ன நடையை நடந்துகொண்டிருந்தார். என் மூலமாகச் சொல்லியனுப்பியிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை. மேட்ச் திடீரென்று நின்றுவிட்டதே என்று அப்போதுதான் கீழே இறங்கி வந்தவன் நான்.

"இப்ப ஏறுது" என்றார் அந்தம்மா திரையைப் பார்த்தபடி. அதில் ஒரு நீலக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது. "இது முடியற வரைக்கும் யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது."

நான் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதே நேரம் சந்தில் பிளக் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

நாங்கள் வெளியே ஓடிவந்தோம். மெக்கானிக் ஒரு கையில் சுவரையும் மறுகையில் பிளக்கையும் பிடித்தபடி நின்றார். கெட்டது நடக்காமல் தடுத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"பெட்டியில லைட்டு கண்டபடி துடிக்குது. யாரும் கவனிக்கலையா? நல்லவேளை, நான் வந்தேன்."

அந்தம்மா அவர் கையிலிருந்து பிளக்கை வாங்கினார். அதை மாட்டி சுவிட்சைப் போட்டார். ரவுட்டரில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. காத்திருந்தோம். மற்ற விளக்குகள் வரவில்லை. என் போனில் வைஃபை பட்டியலில் அந்த வீட்டுப் பெயரே இல்லை.

"பாதி வெட்டுல நிறுத்திட்டீங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மெக்கானிக் ரவுட்டரைப் பார்த்தார், மஞ்சள் கேபிளைப் பார்த்தார், முன்னறைத் திரையில் பாதியில் நின்றிருந்த நீலக்கோட்டைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. செருப்பு அலமாரியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்காகவா செஞ்சே?"

"பின்ன யாருக்கு? மேல் வீட்டு மேட்சுக்கா?"

எனக்கு மழையிலேயே மாடிக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் அவர்.

"இல்லை. உள்ள அடித்தளத்துல ஒரு சின்ன மென்பொருள் இருக்கு, அது எப்பவும் சாகாதாம். இந்தப் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கரண்டைக் குடுத்தா அது மட்டும் எழுந்திரிக்கும். லைட்டு துடிக்க ஆரம்பிச்சதும் விட்டுடணும். விட்ட உடனே நான் இங்கேருந்து அந்தக் காப்பாத்தற கோப்பை உள்ள தள்ளணும். கொஞ்ச நேரம்தான் அந்தக் கதவு திறந்திருக்கும்."

லிப்ட்காரருக்கு இதைவிட விளக்கம் தேவைப்படவில்லை. கரண்ட் போய் லிப்ட் நடுவில் நின்றால் பிரேக்கைக் கையால் விடுவித்துப் பக்கத்து மாடிக்கு இறக்குகிறவர் அவர். ரவுட்டரை ஆணியில் இருந்து இறக்கினார், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். பட்டன் ஒரு சிறு ஓட்டைக்குள் இருந்தது. அந்தம்மா தன் ஜாக்கெட்டில் குத்தியிருந்த கண்ணாடித் தலை குண்டூசியை எடுத்துக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனார். நான் இரண்டு பேரும் தெரிகிற மாதிரி கதவுக்கு நேராக நின்றேன்.

முதல் தடவை சொதப்பல். "அழுத்திட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ம்" என்றார் இவர். அழுத்தியாச்சு என்கிற "ம்"மா, அழுத்தப்போகிறேன் என்கிற "ம்"மா என்று யாருக்குத் தெரியும். இவர் சுவிட்சைப் போட்டார். லைட் துடித்தது. "துடிக்குது" என்றார் இவர், "அனுப்பவா?" என்றார் அவர், "விடவா?" என்றார் இவர், "என்ன?" என்றார் அவர். இதற்குள் கதவு மூடிக்கொண்டது. மறுபடியும் ஒற்றை விளக்கு.

இரண்டாவது தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானும் உதவி செய்வதாக நினைத்து நடுவில் கத்தினேன்.

"அண்ணே, நீங்க வாயை மூடுங்க" என்றார் மெக்கானிக். அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் குரல் மாறியிருந்தது. மெஷின் அறைக் குரல் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "இது சரிப்படாது. நடுவுல சுவர் இருக்கு. எங்க சட்டப்படி செய்வோம். சொல்றதைத் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்லாம கை நகரக் கூடாது."

அந்தம்மா முன்னறை வாசலில் வந்து நின்றார்.

"நான் உங்க ஹெல்பர் இல்லை."

"ஹெல்பருன்னு யாரு சொன்னா?"

"வெள்ளிக்கிழமை சொன்னீங்களே, துணி வெட்டற மாதிரியான்னு."

மெக்கானிக் மடியில் இருந்த ரவுட்டரைத் தடவினார். "அன்னைக்கு அந்தப் பையன் கை படத்துல அப்படியே நின்னுச்சு பாரு, இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லையோன்னு பயந்துட்டேன். அந்த பயத்துல உன்னைக் கடிச்சுட்டேன். தப்புதான்." ஊசியை நிமிர்த்திப் பிடித்தார். "எங்க வேலையில மேல இருக்கிறவன் பெரியவன், கீழ இருக்கிறவன் சின்னவன்னு இல்லை. யாருக்கு விஷயம் தெரியுமோ அவங்க சொல்வாங்க, மத்தவங்க திருப்பிச் சொல்வாங்க. இதுல உனக்குத்தான் விஷயம் தெரியும். நீ சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்."

அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எதையாவது திருப்பிச் சொல்லியிருக்கிறாரா என்று நினைத்திருப்பார். பிறகு உள்ளே போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சுவிட்ச் ஆஃப்."

"சுவிட்ச் ஆஃப்" என்றார் மெக்கானிக்.

"பட்டனை அழுத்துங்க."

"பட்டன் அழுத்தியிருக்கு."

"சுவிட்ச் ஆன். பட்டனை விடக் கூடாது."

"சுவிட்ச் ஆன். பட்டனை விடலை."

மூன்று பேரும் காத்திருந்தோம். ஒற்றை விளக்கு எரிந்தது, அணைந்தது, பிறகு படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. மெக்கானிக்கின் இடது கை தன்னால் சுவிட்சுக்குப் போனதை நான் பார்த்தேன். இத்தனை வருஷப் பழக்கம் இரண்டு நிமிஷத்தில் போய்விடுமா? விரல் சுவிட்சைத் தொட்டுவிட்டது. அவர் அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"லைட்டு துடிக்குது" என்றார்.

"லைட்டு துடிக்குது" என்று உள்ளேயிருந்து திரும்பி வந்தது. "பட்டனை விடுங்க."

"பட்டன் விட்டாச்சு."

"விட்டாச்சு. அனுப்பறேன்."

"அனுப்பறே."

கீபோர்டில் ஒரு தட்டு. லைட் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வேர்வை. எனக்கும் கை பரபரத்தது. காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்காமல் இருப்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி, அதனால் அவர் பாடு எனக்குப் புரிந்தது.

துடிப்பு நின்றது. ஒரு விளக்கு நிதானமாக எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"ஏங்க" என்றார் அந்தம்மா உள்ளேயிருந்து. "எழுந்திரிச்சுடுச்சு."

"எழுந்திரிச்சுடுச்சு" என்று திருப்பிச் சொன்னார் மெக்கானிக். அப்புறம் தொடைக்கு அடியில் இருந்து கையை எடுத்து உதறினார். அது மரத்துப்போயிருந்தது.

மற்றதெல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்தது. புது மென்பொருள் முகத்தில் அழகு ஒன்றும் கிடையாது, வெறும் பட்டியலும் கட்டங்களும்தான். ஆனால் கேட்டதற்கெல்லாம் இடம் வைத்திருந்தார்கள். அந்தம்மா லைனின் வேகத்தை அளந்து, அதற்குச் சற்றுக் குறைவாக வரம்பு கட்டினார். மெக்கானிக் பேசுகிற கம்ப்யூட்டருக்கு முதல் வழி. வீட்டுப் போன்களுக்கு அடுத்த வழி. கடைசியாக ஒரு தனிச் சந்து.

"அது யாருக்கு?" என்று கேட்டேன்.

"மேல் வீட்டுக்கு" என்றார் அந்தம்மா. "எல்லாரும் போனப்புறம் நீங்க வரலாம் அண்ணா."

மெக்கானிக் அப்போதுதான் சிரித்தார். முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்து ரொட்டியோடு கொடுத்தார்கள், மூன்று பேரும் சந்திலேயே உட்கார்ந்து ரவுட்டரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். விளக்குகள் அவ்வப்போது துடித்தன. "துடிக்கட்டும், அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை என் வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டேன். வேடிக்கை பார்க்கலாம் என்று கீழே இறங்கினால் அந்தம்மா வாசலிலேயே மறித்தார்.

"அண்ணா, ஒரு உதவி. நீங்க மேல போய் உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஒரே நேரத்துல ஓட விடுங்க. நானும் போட்டோ எல்லாத்தையும் ஏத்தப்போறேன். நாம சும்மா இருந்து அது ஓடினா என்ன பிரயோஜனம்? தினம் இப்படித்தானே இருக்கும்."

வெட்டும் முன் சரிபார்க்கிற குணம். இப்படி ஒரு பொறுப்பை என்னை நம்பி யாரும் ஒப்படைத்ததில்லை. நான் மேலே போய் டிவியில் பழைய மேட்ச் ஒன்றைப் போட்டேன். போனில் ஒரு படம். லேப்டாப்பில் இன்னொரு படம். மழை விட்டிருந்தது, ஜன்னலைத் திறந்துவைத்தேன். கீழ் வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. அந்தம்மாவும் கேட்க வேண்டும் என்று மெக்கானிக் ஹெட்போனை மாட்டாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எல்லாம் எனக்கு மேலே கேட்டது.

"மெயின் ஆஃப்."

"மெயின் ஆஃப் சார்."

"கை எங்க இருக்கு?"

"கை வெளிய இருக்கு."

"திருகுல ஸ்பேனரைப் போடு. கால் சுத்து."

"கால் சுத்து. சுத்தியாச்சு."

அப்போது என் போனில் படம் நின்றது. அடுத்து லேப்டாப்பில் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது. டிவியில் மட்டும் மேட்ச் விக்கி விக்கி நகர்ந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம், ஒருவன் ஓடிவந்து பந்தை ஓங்கி உதைத்தான், கோல்கீப்பர் ஒரு பக்கமாகப் பாய்ந்தான், பந்து நடுவானத்தில் அப்படியே நின்றது. நான் சோபாவில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு வழி போய்விட்டது என்றால் அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"இன்னும் கால் சுத்து."

"இன்னும் கால் சுத்து. சுத்தியாச்சு சார்."

"சக்கரம் லேசா அசையுது பாரு. கையை எடு."

"கையை எடுத்தாச்சு."

சொன்ன மூச்சு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு வார்த்தைகூட வழியில் தங்கவில்லை. "எடுத்தாச்சு" என்று அந்தம்மாவும் கூடவே முணுமுணுத்தது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. இப்படியே பிரேக் வேலை முழுக்க முடிந்தது. மெயினைப் போட்டு லிப்டை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தார்கள், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு சூப்பர்வைசரின் குரல் வந்தது.

"சரி, நல்லாருக்கு. நாளைக் காலைலேருந்து நீங்கதான் பார்க்கறீங்க."

கீழே சத்தமில்லை. இத்தனை பாடுபட்டும் கடைசியில் லைன் நின்றுவிட்டதோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். லைன் நிற்கவில்லை. அவருக்குத்தான் குரல் வரவில்லை.

"நாளைக் காலைலேருந்து" என்றார் மெக்கானிக், ஒவ்வொரு வார்த்தையாக, சட்டப்படி, "நான்தான் பார்க்கறேன்."

என் டிவியில் பந்து இன்னும் நடுவானத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே அணைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். அந்தப் பந்து உள்ளே போனதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.